'கட் பண்ணு' என்றால் நேரலையே நின்றுவிடுகிறது: டூல் விளக்கம் எழுத உதவி வேண்டும்

குடமுருட்டி:
வணக்கம். கும்பகோணம் பக்கம் கோயில் திருவிழா, கல்யாணம், அரங்கேற்றம் என்று நேரலை போட்டுக்கொடுப்பது என் தொழில். இரண்டு கேமரா, ஒரு லேப்டாப், ஓபிஎஸ் என்கிற நேரலை மென்பொருள். ஆள் பற்றாக்குறை, கேமராவையும் நானே பிடிக்கிறேன். அதனால் ஓபிஎஸ்ஸை ஏஐ ஏஜென்ட்டிடம் விட்டுவிடலாம் என்று ஒரு எம்சிபி சர்வர் (ஏஜென்ட் வேறு மென்பொருளை இயக்குவதற்கான 'டூல்'களை, அதாவது கட்டளைகளை, கொடுக்கும் நிரல்) எழுதினேன். ஓபிஎஸ் 28 முதல் உள்ளேயே வருகிற வெப்சாக்கெட்டில் (வெளி நிரல்கள் ஓபிஎஸ்ஸோடு பேசும் வழி), 4455 போர்ட் வழியாகப் பேசும். ஹெட்செட்டில் தமிழில் சொன்னால் போதும்.

போன வாரம் ஒரு கோயிலில் நாயனக் கச்சேரி. தவில் தனி சூடு பிடித்த நேரம், விரல் தெரியட்டும் என்று "ரெண்டுக்குக் கட் பண்ணு" என்றேன். நேரலை நின்றுவிட்டது. மறுபடி போடுவதற்குள் தீர்மானமே வைத்து முடித்துவிட்டார்கள். சிங்கப்பூரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த உபயதாரர் போனில் சொன்னதை இங்கே எழுத முடியாது.

இன்னும் இரண்டு கோளாறு. "மைக்கை மியூட் பண்ணு" என்றால் சில சமயம் அடைத்து உடனே திறந்துகொள்கிறது. "சத்தத்தைப் பாதியாக்கு" என்றால் குறையவே இல்லை. ஏஐ மாடலை மாற்றியும் பார்த்தேன், அதே கதைதான். எந்த டூலை எடுப்பது என்று ஏஜென்ட் முடிவெடுப்பது அதன் விளக்கத்தைப் பார்த்துத்தான். இப்போது இருக்கும் விளக்கங்கள்:

ஸ்டாப் ஸ்ட்ரீம்: ஸ்ட்ரீமை நிறுத்தும்.
செட் சீன்: சீனை அமைக்கும்.
டாகிள் மியூட்: மியூட்டை மாற்றும்.
செட் வால்யூம்: ஒலியளவை அமைக்கும். வால்யூம்: எண்.

வெண்ணாறு:
தம்பி, மாடலைக் குறை சொல்லாதீங்க. 'கட்' என்றால் கேமரா மாற்றுவது என்பது நம்ம தொழில்காரர்களுக்குத்தான். மற்றவர்களுக்கு போனைக் கட் பண்ணுவது, கரண்ட் கட், எல்லாமே நின்றுபோவதுதான். உங்கள் செட் சீன் விளக்கத்தில் கேமரா என்ற சொல்லே இல்லை; அப்புறம் அது ஸ்டாப் ஸ்ட்ரீமைத்தானே பிடிக்கும்?

புதுப் பையன் ஒருவனை லேப்டாப் முன்னால் உட்காரவைத்துவிட்டு மேடைக்குப் போகிறீர்கள் என்றால் என்னென்ன சொல்லிவிட்டுப் போவீர்களோ, அதை எழுதுங்கள். நான் எழுதினால் இப்படி:

செட் சீன்: பார்வையாளருக்குத் தெரியும் காட்சியை மாற்றும். 'கட் பண்ணு', 'ரெண்டுக்குப் போ', 'க்ளோஸ் காட்டு' என்று சொன்னால் இதுதான். நேரலையையும் பதிவையும் தொடாது. சீன் பெயர், சீன் பட்டியலில் உள்ளபடி எழுத்து மாறாமல் இருக்க வேண்டும். தெரியாவிட்டால் முதலில் பட்டியலை எடு.

ஸ்டாப் ஸ்ட்ரீம்: நேரலையை முழுவதுமாக முடித்துவிடும். 'நேரலையை முடி' என்று வெளிப்படையாகச் சொன்னால் மட்டும். காட்சி மாற்ற, மைக் அடைக்க, பதிவை நிறுத்த இது அல்ல.

'இது அல்ல' என்கிற அந்தக் கடைசி வரியைச் சோம்பல்படாமல் எழுதுங்கள். என் அனுபவத்தில் பாதித் தப்பு அதிலேயே போய்விடும்.

அரசலாறு:
மியூட் விஷயம் டாகிளால், அதாவது இருக்கும் நிலையைத் திருப்பிப்போடும் டூலால், வருவது. உங்கள் டூல் வெறும் 'ஓகே' மட்டும் திருப்பித் தருகிறதா? அப்படியானால் நடந்ததா இல்லையா என்று தெரியாமல் ஏஜென்ட் இன்னொரு தடவை கூப்பிட்டிருக்கும். டாகிளை இரண்டு தடவை தட்டினால் பழைய நிலைதான். அதைத் தூக்கிவிட்டு ஓபிஎஸ்ஸின் செட் இன்புட் மியூட் கட்டளையை வையுங்கள். ஆமா, இல்லை என்று நிலையைக் கொடுப்பதால் பத்துத் தடவை கூப்பிட்டாலும் கெடாது. அது எதையும் திருப்பித் தராது என்பதால், உங்கள் கோடிலேயே கெட் இன்புட் மியூட் கேட்டு "தவில் மைக் இப்போது மியூட்" என்று பதில் கொடுங்கள்.

வால்யூமுக்கு ஓபிஎஸ்ஸில் இரண்டு அளவு உண்டு. டெசிபல் என்றால் -100 முதல் 26 வரை. பெருக்கல் (எத்தனை மடங்கு) என்றால் 0 முதல் 20 வரை. நீங்கள் எதை அனுப்புகிறீர்கள்?

குடமுருட்டி:
டெசிபல்தான் அண்ணா. லாக் பார்த்தேன், 0.5 போயிருக்கிறது!

அரசலாறு:
அதுதான். 0 டெசிபலில் இருந்த மைக் அரை டெசிபல் ஏறியிருக்கும். பெருக்கலில் 0.5 என்றால் ஏறக்குறைய -6 டெசிபல். காதுக்குப் பாதியாகத் தெரிய 10 டெசிபல் அளவுக்காவது இறக்க வேண்டும். அலகை அளவுருவின் பெயரிலேயே வையுங்கள், 'வால்யூம் டெசிபல்' என்று. 'கொஞ்சம் குறை' என்றால் இப்போதைய அளவிலிருந்து 3 கழி என்பதையும் எழுதிவிடுங்கள்.

கொள்ளிடம்:
நீங்கள் எல்லாரும் விளக்கம், விளக்கம் என்கிறீர்கள். எவ்வளவு எழுதினாலும் ஒரு நாள் தவறும். நடை சாத்துகிற சாவியை எடுபிடிப் பையனிடமா கொடுப்பார்கள்? ஸ்டாப் ஸ்ட்ரீமை டூல் பட்டியலிலிருந்தே எடுங்கள். எம்சிபியில் ஆபத்தான டூலைக் குறித்துவைக்க 'டிஸ்ட்ரக்டிவ் ஹின்ட்' என்று ஒன்று உண்டு, ஆனால் பெயரே சொல்கிறதே, அது வெறும் குறிப்பு. எதையும் தடுக்காது.

வெண்ணாறு:
அதுவும் சரிதான். முடிக்கிற பட்டனை மட்டும் கையால் அழுத்துவதில் என்ன கஷ்டம்.

குடமுருட்டி:
எடுத்துவிட்டேன். நேற்று ராத்திரி பழைய பதிவை ஓடவிட்டு நாற்பது தடவை சொல்லிப் பார்த்தேன். கட், மியூட் எல்லாம் சரி. ஒன்றுதான் சறுக்கியது: "மேடையைக் குறை" என்றால் 'மேடை' சீனுக்குப் போனது. 'மேடை மைக்' என்று ஒரு மைக்குக்குப் பெயர் வைத்திருந்தது என் தப்பு. 'நாயன மைக்' என்று மாற்றினேன்.

வெள்ளிக்கிழமை திருவிடைமருதூர் பக்கம் ஒரு கல்யாணம். செட் சீன் விளக்கத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: 'கெட்டிமேளம்' என்று காதில் விழுந்தால் கேள்வி கேட்காமல் 'தாலி க்ளோஸ்' சீனுக்குப் போ.