வீட்டில் மோட்டர் பூட்டிய 48 வோல்ற் சைக்கிள் 19 கிலோமீற்றரில் வெட்டுகிறது: ரேஞ்சை (ஒரு சார்ஜில் ஓடும் தூரத்தை) சரியாக அளப்பது எப்படி?

சுழல்சக்கரம்:

பழைய மவுண்டன் சைக்கிளில் 48 வோல்ற், 500 வாற் ஹப் மோட்டர், பின்சில்லில். சில்லு 26 அங்குலம், டயர் 26 × 1.95. மோட்டருக்குக் கரண்டை அளந்து விடும் கொன்ரோலர் 20 அம்பியர். பற்றரி லாப்டொப்பில் இருந்து கழற்றிய 18650 ரக லித்தியம் செல் 52: தொடரில் 13, சமாந்தரத்தில் 4. உறையில் 2600 மில்லி அம்பியர்-மணி என்று இருக்கிறது. அந்தக் கணக்கில் 10.4 அம்பியர்-மணி, ஏறத்தாழ 487 வாற்-மணி.

பெடல் போடாமல் திரொட்டிலில் (வேகக் கைப்பிடியில்) மட்டும் தெஹிவளையில் இருந்து காலி வீதியால் புறக்கோட்டை போய்த் திரும்பும்போது, 19 கிலோமீற்றர் அளவில் மோட்டர் வெட்டுகிறது. திரொட்டிலை விட்டுச் சில விநாடி கழித்துப் பிடித்தால் மறுபடி இழுக்கிறது, கொஞ்சத் தூரத்தில் திரும்ப வெட்டு. டிஸ்பிளேயில் அப்போதும் பற்றரி அளவு இரண்டு கோடு நிற்கிறது. ஆளும் சைக்கிளும் சேர்த்து 105 கிலோ. வெளி கிடைக்கும் இடத்தில் வேகம் மணிக்கு 35 கிலோமீற்றர். நாற்பது கிலோமீற்றர் வரும் என்று போட்ட கணக்கு எங்கே பிழைத்தது? ஒவ்வொரு தடவையும் சாகும்வரை ஓட்டாமல் அளக்க வழி உண்டா?

வோல்ற்மானி:

மல்ற்றிமீற்றர் போதுமே. 54.6 என்றால் முழுசு, 48 என்றால் அரைவாசி, 42 என்றால் காலி. ஓடிய தூரத்தை வைத்துப் பெருக்கிப் பாருங்கள்.

கொட்டாஞ்சேனை வயர்:

வோல்ற்றை மட்டும் நம்பினால் இந்தக் குழப்பம்தான் மிஞ்சும். லித்தியம் செல் 3.8 வோல்ற்றிலிருந்து 3.5 வரை மெல்ல மெல்லத்தான் இறங்கும், முக்கால்வாசிச் சக்தி அதற்கு மேலும் அதற்குள்ளும் போய்விடும், பிறகு செங்குத்தாக விழும். அதோடு 20 அம்பியர் இழுக்கும்போது பார்க்கிற வோல்ற் வேறு, திரொட்டிலை விட்டுப் பார்க்கிற வோல்ற் வேறு. டிஸ்பிளேயின் கோடும் அதே வோல்ற்றைத்தான் பார்க்கிறது, அதனால் அதுவும் பொய் சொல்லும்.

தம்பி சுழல்சக்கரம், முதலில் வெட்டுகிறது யார் எண்டு பாருங்கோ. பீஎம்எஸ் (பற்றரிக்குள்ள இருக்கிற காப்புப் பலகை) வெட்டினால் டிஸ்பிளேயும் சேர்ந்து செத்துப்போகும், பெரும்பாலும் சார்ஜரைக் குத்தினால்தான் திரும்ப உயிர் வரும். உங்களுக்கு டிஸ்பிளே எரியுது, திரொட்டிலை விட்டால் திரும்ப வருது. அப்படியெண்டால் வெட்டுறது கொன்ரோலர். 48 வோல்ற் கொன்ரோலர்கள் பலதுக்கு வெட்டும் எல்லை 42 வோல்ற் அளவில் இருக்கும், மேலே ஒட்டியிருக்கிற லேபிளில் எழுதியிருப்பான்.

இப்ப கணக்கு. பழைய லாப்டொப் செல்லுக்கு உள்தடை 60 மில்லி ஓம் எண்டு வையுங்கோ. நாலு சமாந்தரம், அதனால் ஒரு குழுவுக்கு 15. பதின்மூன்று குழுவுக்கு 195. வயர், கனெக்டர், பீஎம்எஸ் எல்லாத்துக்கும் ஒரு 50. மொத்தம் 245 மில்லி ஓம். 20 அம்பியர் இழுத்தால் 4.9 வோல்ற் சரியும். கொன்ரோலர் 42 ஐக் காணும்போது பற்றரி உண்மையில் 46.9 இல் நிற்குது, செல்லுக்கு 3.6. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு உள்ளுக்கே மிச்சம். இரண்டு கோடு நிற்கிறதுக்கும் இதுதான் காரணம்.

இனி அளக்கிறது. இரண்டு கேள்வியைப் பிரியுங்கோ: பற்றரி எத்தனை வாற்-மணி தருது, சைக்கிள் ஒரு கிலோமீற்றருக்கு எத்தனை வாற்-மணி தின்னுது. இரண்டையும் ஒரே ஓட்டத்தில் அளக்கப் போனால் எதுவும் பிடிபடாது.

பற்றரியை மேசையில் அளவுங்கோ. வேணுமானது: பற்றரிக்கும் லோட்டுக்கும் (கரண்ட் தின்னுற சாமானுக்கும்) இடையில் போடுற வாற் மீற்றர் ஒண்டு (60 வோல்ற் தாங்குறது, உங்கட 54.6 க்கு மட்டுமட்டாகக் காணும்), 12 வோல்ற் 55 வாற் ஹெட்லைற் பல்ப் நாலு. பல்ப் பஞ்சிகாவத்தையில் எந்தக் கடையிலும் கிடைக்கும். நாலையும் தொடரில் போட்டால் 4 முதல் 5 அம்பியர் இழுக்கும். சார்ஜ் ஏறி முடிஞ்சு ஒரு மணித்தியாலம் விட்டு ஆரம்பியுங்கோ, இரண்டு மணித்தியாலம் பிடிக்கும். பல்பைத் தரை ஓட்டில் வையுங்கோ, பலகையில் வைச்சால் கருகும். சிலபேர் இஸ்திரிப்பெட்டியை லோட்டாகப் போடுறவை. 1000 வாற் பெட்டி 48 வோல்ற்றில் 0.9 அம்பியர்தான் இழுக்கும், அதுக்குள்ள இருக்கிற தெர்மோஸ்ற்றற் டீசியில் (பற்றரிக் கரண்டில்) திறக்கும்போது பொறி பறந்து ஒட்டிப்போகும். வேண்டாம்.

முக்கியம்: பீஎம்எஸ் வெட்டும்வரை விடாதேங்கோ. வெட்டின உடனே வாற் மீற்றருக்கும் கரண்ட் போய், எண்ணி வைச்ச எண் எல்லாம் அழிஞ்சிடும். மீற்றரில் தனி சப்ளைக்கு ஒரு சின்ன சொக்கற் இருந்தால் அதுக்கு வேற பற்றரி குடுங்கோ, இல்லாட்டி போன் கமராவை முன்னுக்கு நிறுத்தி வீடியோ ஓட விடுங்கோ. 15 நிமிசத்துக்கு ஒருக்கா பலன்ஸ் வயரில் (ஒவ்வொரு குழுவில இருந்தும் பீஎம்எஸ்ஸுக்குப் போற மெல்லிய வயர்) 13 குழுவையும் மல்ற்றிமீற்றரால் தொட்டு எழுதுங்கோ. ஏதாவது ஒரு குழு 3.4 வோல்ற்றுக்குக் கீழ வந்தால் இரண்டு நிமிசத்துக்கு ஒருக்கா. முதலாவது குழு 3.0 ஐத் தொட்டதும் நிறுத்துங்கோ. அந்த இடத்தில் மீற்றர் காட்டுறதுதான் உங்கட பற்றரி, உறையில் இருக்கிற 2600 இல்லை.

மரைன் டிரைவ் காலை:

மேசைக் கணக்கு அவர் சொன்னபடி. வீதிக் கணக்கு இது.

வாற் மீற்றரைப் பற்றரிக்கும் கொன்ரோலருக்கும் இடையில் வைத்து ஹேண்டில்பாரில் கட்டுங்கள். வயரை நீட்ட வேண்டி வந்தால் தடித்ததாகப் போடுங்கள், இல்லாவிட்டால் அளக்கப் போட்ட வயரே வோல்ற் சரிவைக் கூட்டும். டிஸ்பிளே காட்டும் தூரத்தை அப்படியே எடுக்க வேண்டாம். சில்லின் சுற்றளவைச் சோக்கால் அளவுங்கள்: வால்வு கீழே இருக்கும்போது தரையில் கோடு, ஆள் ஏறி இருந்தபடி மூன்று சுற்று நேராக உருட்டி மறுபடி கோடு, மூன்றால் வகுத்தால் சரி. 26 × 1.95 டயருக்கு 2050 மில்லிமீற்றருக்குக் கிட்ட வரும். அதை டிஸ்பிளேயில் போடுங்கள். காற்றை ஒவ்வொரு சோதனைக்கும் ஒரே அளவில் வையுங்கள்.

பின்சில்லைத் தூக்கி முழுத் திரொட்டில் கொடுத்துப் பாருங்கள். வெறுமனே சுழல 1 அம்பியருக்குக் கிட்டத்தான் இழுக்க வேண்டும். 2 ஐத் தாண்டினால் பிரேக் உரசுகிறது அல்லது அச்சு இறுகியிருக்கிறது. அதைத் திருத்தாமல் ரேஞ்ச் அளப்பதில் பிரயோசனம் இல்லை.

ஞாயிறு விடிய ஐந்தரைக்கு மரைன் டிரைவ். வேகத்தை மணிக்கு 25 கிலோமீற்றரில் பிடித்து வெள்ளவத்தைப் பக்கத்தில் இருந்து கொள்ளுப்பிட்டி வரை, உடனே அதே வழியால் திரும்பி. இரண்டு திசையும் கட்டாயம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் காற்று வடக்கே போகும்போது தள்ளும், தெற்கே வரும்போது முகத்தில் அடிக்கும். 10 கிலோமீற்றர் வேகக் காற்று நேராக இருந்தால் 25 இல் ஓடும் சைக்கிளுக்குத் தள்ளும் பக்கம் கிலோமீற்றருக்கு 5 வாற்-மணி, எதிர்ப்பக்கம் 14. ஒரு பக்கத்தை மட்டும் அளந்தவர்தான் "60 கிலோமீற்றர் ஓடும்" என்று எழுதுகிறவர்.

105 கிலோவுக்கு, நிமிர்ந்து இருக்கும் சைக்கிளில், காற்றில்லாத சமதரையில் வரும் கணக்கு: 25 இல் கிலோமீற்றருக்கு 8 முதல் 9 வாற்-மணி, 35 இல் 14, 40 இல் 18. காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால் வந்த வித்தியாசம். இதற்கு மேல் காலி வீதியின் கைங்கரியம்: பஸ் நிற்கும், ஓட்டோ குறுக்கே வரும், சிக்னல் விழும். 35 இலிருந்து நிறுத்திவிட்டு மறுபடி 35 க்கு எடுப்பதற்கு 1.4 வாற்-மணி சில்லில் வேண்டும். புறப்படும்போது ஹப் மோட்டரின் வினைத்திறன் குறைவு, ஆகவே பற்றரியில் இருந்து 2 க்கு மேல் போகும். கிலோமீற்றருக்கு இரண்டு தடவை நின்றால் 4, 5 வாற்-மணி கூடுதல். தெஹிவளை மேம்பாலத்தைக் குறை சொல்ல வேண்டாம். 6 மீற்றர் ஏறினாலும் 2 வாற்-மணிக்கு மேல் போகாது, அதுவும் இறங்கும்போது பாதி திரும்பிவிடும்.

சாகும்வரை ஓட்டத் தேவையில்லை. வழமையான பாதையில் 8 கிலோமீற்றர் ஓடி, வாற்-மணியைத் தூரத்தால் வகுங்கள். மேசையில் கிடைத்த எண்ணை இதனால் வகுத்து, மூன்றில் ஒன்றை ஒதுக்கிவிடுங்கள். அதுதான் நம்பி வெளியே போகக்கூடிய தூரம்.

சுழல்சக்கரம்:

அளந்தது கீழே.

வெறும் சில்லு: 0.9 அம்பியர். மேசை: 7ஆவது குழு 3.0 ஐத் தொடும்போது 9.1 அம்பியர்-மணி, 428 வாற்-மணி. மற்றக் குழுக்கள் அப்போது 3.32 முதல் 3.36 வரை. மரைன் டிரைவ், 25 இல், இரண்டு பக்கமும் சேர்த்துச் சராசரி கிலோமீற்றருக்கு 9.4 வாற்-மணி. காலி வீதி, வழமைபோல: 19 கிலோமீற்றரில் வெட்டும்போது 312 வாற்-மணி, அதாவது கிலோமீற்றருக்கு 16.4. ஆகக் குறைந்த வோல்ற் 41.8.

7ஆவது குழுவில் ஒரு செல் கழன்றிருக்குமா? பீஎம்எஸ்ஸைத் தாண்டி நேராக வயர் கொடுத்தால் இன்னும் கொஞ்சம் ஓடும் என்று ஒருவர் சொன்னார்.

ஈயப்பற்று:

பீஎம்எஸ்ஸைத் தாண்டிக் கொடுப்பதால் ஒரு கிலோமீற்றரும் கூடாது, வெட்டுவது அது இல்லையே. அதைத் தாண்டினால் 7ஆவது குழு 2.5 வோல்ற்றுக்குக் கீழ் போவதைத் தடுக்க எதுவும் இருக்காது. அப்படி வற்றிய செல்லை மறுபடி சார்ஜ் பண்ணும்போதுதான் உள்ளே செம்பு படிந்து ஷோர்ட் ஆகும். அடுக்குமாடியில் இரவில் சார்ஜ் போடுகிற சாமானில் இந்த விளையாட்டு வேண்டாம்.

செல் கழன்றிருக்க வாய்ப்புக் குறைவு. நாலில் ஒன்று போனால் அந்தக் குழு கால்வாசி இழந்து 7.6 அம்பியர்-மணி அளவில் விழுந்திருக்கும். 9.1 வரை வந்திருக்கிறது. மிச்சம் இரண்டு சந்தேகம்: செல் தேய்ந்தது, அல்லது குழு முழுதாக ஏறவே இல்லை. முழுச் சார்ஜ் முடிந்ததும் 7ஐ அளந்து சொல்லுங்கள். 4.20 இருந்தால் தேய்ந்தது. குறைவாக இருந்தால் சமநிலை குழம்பியிருக்கிறது, செல்லில் பிழை இல்லாமலும் இருக்கலாம்.

சுழல்சக்கரம்:

7ஆவது 4.07. மற்ற எல்லாம் 4.21.

ஈயப்பற்று:

அப்படியென்றால் அது ஏறவில்லை. மற்றப் பன்னிரண்டும் 4.21 க்கு வந்ததும் மொத்தம் 54.6 ஆகிவிடுகிறது, சார்ஜர் முடிந்தது என்று பச்சை விளக்கைப் போடுகிறது. சாதாரண பீஎம்எஸ் பலன்ஸ் பண்ணுவது (குழுக்களைச் சமப்படுத்துவது) 50 மில்லி அம்பியர் அளவில்தான். 1 அம்பியர்-மணி வித்தியாசத்தை அது சரிசெய்ய நாள்கணக்காகும்.

கையால் ஏற்றுங்கள். 4056 இலக்கச் சிப் உள்ள ஒற்றைச் செல் சார்ஜர் பலகை, 1 அம்பியர், 4.2 வோல்ற்றில் நிற்பது, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடுங்கள். போன் சார்ஜரால் சப்ளை. பற்றரியில் இருந்து கொன்ரோலரையும் பெரிய சார்ஜரையும் கழற்றிவிட்டு, 7ஆவது குழுவின் இரண்டு முனையிலும் மட்டும் பிடியுங்கள். 7ஆவது பலன்ஸ் வயர் எது என்பதை எண்ணிக்கையால் முடிவு செய்யாமல் மீற்றரால் உறுதிசெய்யுங்கள்: இரண்டு முனைக்கும் இடையே 4.07 தான் காட்ட வேண்டும், 8 காட்டினால் ஒரு வயர் தள்ளிப் பிடித்திருக்கிறீர்கள், பலகை புகையும். ஒன்றரை மணித்தியாலத்தில் ஏறி நிற்கும். பக்கத்திலேயே இருங்கள்.

பிறகு ஒரு கிழமை ஓடாமல் வைத்து அளவுங்கள். 7 மட்டும் மற்றதைவிட 0.03 வோல்ற்றுக்கு மேல் இறங்கினால் அந்த நாலில் ஒன்று தானாகக் கசிகிறது. குழுவைப் பிரித்து நாலையும் தனித்தனியாக வைத்து, இறங்குகிறதை மாற்றுங்கள். புதிதாகப் போடுகிற செல்லும் அதே கொள்ளளவாக இருக்க வேண்டும். பற்றவைக்க முன் மற்ற மூன்றின் வோல்ற்றுக்குக் கொண்டுவரவும் மறக்க வேண்டாம், வித்தியாசத்தோடு சமாந்தரமாகச் சேர்த்தால் செல்களை இணைக்கும் பட்டியில் பெரிய கரண்ட் பாயும்.

கொட்டாஞ்சேனை வயர்:

அதோட சேர்த்து ஒண்டு. டிஸ்பிளே மெனுவில் கரண்ட் எல்லை இருந்தால் 15 அம்பியருக்கு இறக்குங்கோ. சரிவு 4.9 இலிருந்து 3.7 ஆகும், கொன்ரோலர் செல்லுக்கு 3.5 வரை இழுத்துக் குடுக்கும். புறப்படுற உதைப்பு குறையும், அவ்வளவுதான். 7 சரியாகி, 30 க்கு மேல போகாமல் ஓடினால் காலி வீதியில் 13 வாற்-மணி எண்டு வையுங்கோ, 28, 29 கிலோமீற்றர் வரும். நாற்பது வேணுமெண்டால் பெடல் போடவேணும், இல்லாட்டி இன்னும் 26 செல் வேணும்.

கனெக்டரையும் பாருங்கோ. கடற்காத்தில் பச்சைக் களிம்பு பிடிக்கும். 10 அம்பியர் ஓடும்போது கனெக்டரின்ர இரண்டு பக்கமும் மில்லி வோல்ற்றில் தொடுங்கோ. 100 காட்டினால் 10 மில்லி ஓம், வெட்டி எறிஞ்சிட்டுப் புதிசு போடுங்கோ.