விக்டரி மாதிரிக் கப்பல்: சக்கரத்தைத் திருப்பினால் சுக்கான் நூல் தொய்கிறது, என்ன செய்யலாம்?

நூலேணி:
வணக்கம். 1:72 அளவில், எச்.எம்.எஸ். விக்டரி என்ற பழைய பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மரக் கிட் கட்டி வருகிறேன். கிட்டில் சுக்கான் சக்கரம் வெறும் அலங்காரம்தான். ஆனால் எனக்கு அது வேலை செய்ய வேண்டும். 1805 டிராஃபல்கர் கடற்சண்டையில் இந்தக் கப்பலின் சக்கரம் குண்டடிபட்டுச் சிதறியபோது, கீழ்த்தளத்தில் சுக்கான் தண்டை (சுக்கான் தலையிலிருந்து முன்னால் நீண்டு, அதைத் திருப்பும் கட்டையை) ஆட்களே இழுத்துக் கப்பலைத் திருப்பினார்கள். அதைப் படித்ததிலிருந்து சக்கரம், கயிறு, தண்டு மூன்றையும் இணைத்தே தீர வேண்டும் என்று இருக்கிறேன்.

செய்தது இதுதான். 60 மி.மீ. நீளத் தண்டு. நுனியிலிருந்து இரண்டு நூல்கள், இடமும் வலமும் கொக்கிகள் வழியாகப் போய், மேலே சக்கரத்தின் உருளையில் சுற்றுகின்றன. கொக்கிகள் நடுக்கோட்டிலிருந்து 45 மி.மீ. தள்ளி, தண்டின் நுனியைவிட 12 மி.மீ. பின்னால் இருக்கின்றன. தண்டு நேராக இருக்கும்போது நூல் விறைப்பாக இருக்கிறது. 30 டிகிரி திருப்பினால் தொங்கிவிடுகிறது, உருளையிலும் வழுக்குகிறது. பருத்தி நூலை மாற்றி பாலியெஸ்டர் நூல் போட்டும் அதே கதை. மேல்தளப் பலகைகளை இன்னும் ஒட்டவில்லை, அந்த மட்டும் நல்லது.

உளிச்சத்தம்:
தம்பி, தளத்தை ஒட்டாமல் விட்டது பெரிய புத்திசாலித்தனம். நூலை இன்னும் இழுத்துக் கட்டிப் பார்த்தீர்களா? உருளை வழுக்குவதற்குப் பெரிய கப்பல்களில் நடுச்சுற்றை உருளையோடு ஆணியடித்து வைப்பார்கள். நீங்கள் உருளையின் குறுக்கே 0.5 மி.மீ. துளை போட்டு, நூலை உள்ளே நுழைத்து, ஒரு பொட்டு சூப்பர் க்ளூ வையுங்கள். நழுவாது.

நூலேணி:
அண்ணா, துளை யோசனைக்கு நன்றி, வழுக்கல் நின்றுவிட்டது. ஆனால் இழுத்துக் கட்டினால் நடுவில் சக்கரமே அசையவில்லை. தொய்வு அப்படியே இருக்கிறது.

பாய்மரத்தடி:
நூலில் குறையே இல்லை, தண்டு போகும் பாதைதான் காரணம். உங்கள் அளவுகளை வைத்தே கணக்குப் போட்டேன். தண்டு நேராக இருக்கும்போது இரு கொக்கிகளுக்கும் நடுவே 93 மி.மீ. நூல் வேண்டும். 30 டிகிரி திரும்பியதும் 90.6 போதும். மிச்சம் இரண்டரை மி.மீ. எங்கே போகும்? அதுதான் தொங்குகிறது. தண்டின் நுனி வட்டமாக நகர்கிறது, கொக்கிகள் அசையாமல் நிற்கின்றன. கொக்கிகளை முன்னே தள்ளி நுனிக்கு நேராக வைத்தால் கதை தலைகீழாகும்: நடுவில் சரி, திருப்பினால் நூல் பற்றாது. இடம் மாற்றி மாற்றிப் பார்த்து நாட்களை வீணாக்காதீர்கள்.

பெரிய போர்க்கப்பல்களிலும் இதே தொல்லை இருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தண்டின் நுனி நகரும் வழியிலேயே, தள உத்திரத்தின் கீழ் வில் போல வளைந்த மரத்தைப் பொருத்தி, கயிற்றை அந்த வளைவோடு ஓடவிட்டார்கள். வளைவின் மையம் சுக்கான் அச்சிலேயே இருப்பதால் ஒரு பக்கம் குறைவது மறுபக்கம் அப்படியே கூடிவிடும்.

மாதிரியில் இன்னும் சுலபமாகச் செய்யலாம். பிளைவுட்டில் 20 மி.மீ. ஆரமுள்ள அரைவட்டம் ஒன்றை வெட்டி, வளைவு முன்பக்கம் பார்க்க, சுக்கான் தலையோடு ஒட்டுங்கள். வட்டத்தின் மையம் சுக்கான் அச்சில் சரியாக விழ வேண்டும், இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். விளிம்பில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பள்ளங்கள். இடக் கொக்கியிலிருந்து வரும் நூல் ஒரு பள்ளத்தில் வளைவைச் சுற்றிப் போய் வலக் கோடியில் முடிய வேண்டும். வலது நூல் மற்ற பள்ளத்தில், இடக் கோடியில். 30 டிகிரிக்கு 10.5 மி.மீ. நூல் நகரும். உங்கள் உருளை 4 மி.மீ. விட்டம் என்றால் ஒரு சுற்று 12.6, அதாவது சக்கரம் முழுச்சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகத் திரும்பும். கையால் திருப்ப நன்றாக இருக்கும். பழைய தண்டை அரைவட்டத்தின் மேலேயே ஒட்டிவிடுங்கள், பார்க்க அழகு.

உளிச்சத்தம்:
அருமை, இந்தக் கணக்கு எனக்கும் புதிது. அப்புறம் ஒன்று, மேல்தளத்தில் ஒரு பலகைத் துண்டை மட்டும் ஒட்டாமல் குட்டிக் காந்தம் வைத்து மூடுங்கள். நூல் என்றைக்காவது அறும். அன்றைக்குக் கப்பலை உடைக்க வேண்டாம்.

நூலேணி:
ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். அரைவட்டம் வேலை செய்கிறது! இரு பக்கமும் ஒரே விறைப்பு, சக்கரத்தை ஒரு விரலால் திருப்ப முடிகிறது. சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு சிக்கல் மட்டும்: சக்கரத்தை வலப்பக்கம் திருப்பினால் சுக்கான் இடப்பக்கம் போகிறது. தண்டும் வலப்பக்கம்தான் போக வேண்டும் என்று நினைத்து, உருளைக்குக் கீழே நூல்களைக் குறுக்காக மாற்றியிருந்தேன்.

பாய்மரத்தடி:
குறுக்கை எடுத்துவிடுங்கள். தண்டு சுக்கானுக்கு முன்னால் நீண்டிருப்பதால் இரண்டும் எதிரெதிராகப் போகும். கப்பல் வலப்பக்கம் திரும்ப சுக்கான் வலப்பக்கம் போக வேண்டும், ஆகவே தண்டு இடப்பக்கம். உருளையின் இடப்பக்கம் இறங்கும் நூல் இடக் கொக்கிக்கே போகட்டும். கீழே எதையும் பிரிக்க வேண்டியதில்லை.

நூலேணி:
பத்து நிமிட வேலை, சரியாகிவிட்டது. காந்தப் பலகையும் வைத்துவிட்டேன். அடுத்து பீரங்கி வாசல் மூடிகள். அவற்றையும் உள்ளிருந்து நூல் இழுத்துத் திறக்க முடியுமா?

உளிச்சத்தம்:
முடியும். கீல் மேல்விளிம்பில் வரும், கீலின் ஊசிக்கு மெல்லிய கிட்டார் கம்பி போதும். வாசலுக்குச் சற்று மேலே துளை போட்டு, மூடியின் வெளிப்பக்கத்தில் கட்டிய நூலை அதன் வழியே உள்ளே விடுங்கள். நிஜக் கப்பலிலும் அப்படித்தான். முதலில் ஒரே ஒரு மூடியில் செய்து படம் போடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.