எரிமலையில் எடுத்த இரவுப் படம் மங்கலா வருது, அவசர உதவி

விடியல்தேடி: போன வாரம் நம்ம ரீயூனியன் தீவு எரிமலைக்கு நட்சத்திரப் படம் எடுக்கப் போனேன். முதல் அரை மணி நேரம் படம் அருமையா வந்துச்சு. அப்புறம் எல்லா நட்சத்திரமும் பஞ்சு மாதிரி. நாளைக்கு அமாவாசை, விட்டா அடுத்த மாசம்தான். என்ன பண்ணணும்?

கரும்புக்காடு: எந்த லென்ஸ்? எத்தனை விநாடி? ட்ரைபாட் இருந்துச்சா? எங்க நின்னீங்க, பெல்கோம்ப் கணவாயிலயா, மணல் சமவெளியிலயா?

சலாசி மழை: ட்ரைபாட்ல வச்சா ஆட்டத் தடுப்பை அணைச்சுடுங்க. என் படம் கெட்டதுக்கெல்லாம் அதுதான் காரணம்.

மூத்த நிழல்: கேமராவோட வந்த கையேட்டைப் படிச்சிருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது. 500ஐ லென்ஸோட குவிய நீளத்தால வகுங்க, வர்றதுதான் அதிகபட்ச விநாடி, 50 மி.மீ.க்கு 10 விநாடி. மீறினா நட்சத்திரம் கோடாகும். துருவ நட்சத்திரத்துப் பக்கம் திருப்பினா அசைவு குறையும்.

கரும்புக்காடு: ஐயா, ரீயூனியன்ல துருவ நட்சத்திரம் ஏது? 21 பாகை தெற்கே இருக்கோம். தென் சிலுவைங்கிற நட்சத்திரக் கூட்டத்தோட நீள அச்சை நாலரை மடங்கு நீட்டினா வானத்தோட தென் துருவம். அங்க பளிச்சுனு ஒண்ணும் கிடையாது.

மூத்த நிழல்: 20 வருஷமா எடுக்கிறேன். புதுச்சேரியில...

சலாசி மழை: அந்த வானம் வேற, நம்ம வானம் வேற. பொய்ச் சிலுவைன்னு இன்னொண்ணும் இருக்கு, ஏமாந்துடாதீங்க. நிஜமானதுக்குப் பக்கத்துல ரெண்டு பிரகாசமான நட்சத்திரம் நிக்கும்.

விடியல்தேடி: மன்னிக்கணும், சொல்ல விட்டுப்போச்சு. 24 மி.மீ. லென்ஸ், துளை எஃப் 2.8, 15 விநாடி, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 3200. ட்ரைபாட் உண்டு. கணவாயிலதான். விரல் மரத்துப்போற குளிர்.

தம்போன் அக்கா: தம்பி, அரை மணி கழிச்சுன்னு சொன்னப்பவே நினைச்சேன். பனி படிஞ்சிருக்கு. கணவாய் 2311 மீட்டர். ஜூலை ராத்திரியில திறந்த வானத்தைப் பார்த்த கண்ணாடி சூட்டை இழந்து, சுத்தியிருக்கிற காத்தை விடக் குளிர்ந்துடும். ஈரம் அதுல ஒட்டிக்கும். பத்தரை மணிவாக்கில பால்வீதி மையம் நமக்கு உச்சிக்குக் கிட்ட வரும், நீங்களும் லென்ஸை அண்ணாந்து வச்சிருப்பீங்க. அப்பதான் பனி ரொம்ப இறங்கும். கேமரா திரையில சின்னப் படமாப் பார்த்தா தெரியாது. டார்ச்சைச் சாய்ச்சு லென்ஸ் மேல அடிச்சுப் பாருங்க. துடைச்சாலும் மறுபடி படியும். கையைச் சூடாக்கிற பொட்டலத்தைப் பழைய சாக்ஸுக்குள்ள போட்டு லென்ஸைச் சுத்திக் கட்டுங்க, போகஸ் வளையம் நகராம. கிளம்பினதுமே கட்டிடணும், படிஞ்சப்புறம் கட்டினா காய நேரமாகும்.

மூத்த நிழல்: போகஸும் நகர்ந்திருக்கலாம்.

தம்போன் அக்கா: இருக்கலாம். ஒரு நட்சத்திரத்தைத் திரையில பெருசாக்கி மறுபடி சரிபார்த்துடுங்க.

விடியல்தேடி: சாக்ஸ்தான் அக்கா! ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தெளிவா வந்துச்சு. தூங்கப் போறேன்.

கரும்புக்காடு: படம் எங்க?