ஃப்ளை மீன்பிடிப்பில் ஒற்றைக் கை ராடில் (தூண்டில் கோலில்) ஸ்பே வீச்சு: உங்களுக்கு என்ன ஆயிற்று?

தேயிலைக்காட்டான், மூணாறு:
லைனைப் பின்னால் வீசாமல் முன்னால் உருட்டிவிடும் ரோல் காஸ்ட் எல்லாருக்கும் தெரியும்; அதையே திசை திருப்பிப் போடுவதுதான் ஸ்பே. நேராக விஷயத்துக்கு வருகிறேன். மீன்பிடிச் சீட்டு வாங்கி ஓடையில் ட்ரவுட் மீனுக்கு நின்றேன். முதுகை ஒட்டித் தேயிலைச் சரிவு, மேலே சில்வர் ஓக். பின்வீச்சுக்கு வழியில்லை. 9 அடி, 5-ஆம் எண் ராடு. மத்தியான வேளை, காற்று பள்ளத்தாக்கிலிருந்து ஓடையோடு மேலே ஏறுகிறது. லைன் நுனியை ஓடையின் கீழ்ப்பக்கம் ஊன்றி வீசும் டபுள் ஸ்பே போட்டேன். முன்னால் தள்ளியதும் வலது காதில் சுருக்கென்றது. ஃப்ளை, அதாவது பூச்சி மாதிரி நூலும் இறகும் கட்டிய கொக்கி, காது மடலில். கொளுந்து கிள்ளிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்து, “பெரிய மீனாத்தான் மாட்டியிருக்கு தம்பி” என்றார். காது ஆறிவிட்டது. அந்த வரிசையே சிரித்ததுதான் ஆறவில்லை.

மறையூரான்:
ஸ்பே என்பது ஸ்காட்லாந்தில் அகல ஆற்றுக்கு, சால்மனுக்கு, இரண்டு கை ராடில் வந்த வித்தை. நம் ஓடையைத் தாண்டிக் குதித்துவிடலாம். ரோல் காஸ்ட் போதாதா? நானும் ஒருநாள் ஆசைப்பட்டுப் போட்டேன், லைன் கழுத்தைச் சுற்றியது. அதோடு சரி.

பழைய தூண்டில்:
மறையூர்த் தம்பி சொல்வது தப்பு. லைன் நீரோட்டத்தோடு கீழே இழுபட்டுக் கிடக்கும்போது எதிர்க்கரைக்குத் திருப்ப வெறும் ரோல் காஸ்ட் உதவாது. திருப்பினால் லைன் லைன்மேலேயே விழும். எனக்கு அப்படி விழுந்து ராடு நுனி முறிந்தது, அது கிடக்கட்டும். தேயிலைக்காட்டான் கவனிக்க: காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் ஆங்கர், அதாவது தண்ணீரில் ஊன்றும் லைன் நுனி. மேல்நோக்கிக் காற்றா, ஆங்கர் மேல்பக்கம் விழும் சிங்கிள் ஸ்பே. கீழ்நோக்கியா, டபுள் ஸ்பே. மலையில் வெயில் நேரத்தில் காற்று ஏறும், பொழுது சாய்ந்தால் இறங்கும். ஆகவே பகலில் ஒன்று, அந்தியில் ஒன்று. ஆங்கர் உடம்பிலிருந்து ஒரு ராடு தூரம் தள்ளி விழட்டும். டி லூப், அதாவது ராடுக்குப் பின்னால் லைன் D எழுத்தாக வளைவது, இலக்குக்கு நேர் எதிரே நிற்கட்டும். இடது கையால் லைனுக்கு ஒரு இழுப்பு கொடுத்தால் இன்னும் பத்தடி போகும். கொக்கி முள்ளைக் குறட்டால் நசுக்கி வையுங்கள். கண்ணாடி போடுங்கள். தொப்பியும்.

தேயிலைக்காட்டான், மூணாறு:
அண்ணே, நான் கதைதானே கேட்டேன்! முள் நசுக்கியதுதான். அதனால்தான் காது மிச்சம்.

லயத்துப் பையன்:
நான் எஸ்டேட் மைதானத்துப் புல்லில் பழகினேன். புல் லைனைப் பிடிக்காது, ஆங்கர் வழுக்கும், சாட்டை மாதிரி ‘படார்’ என்று சத்தம். மேய்ந்த ஆடெல்லாம் ஓடும். அப்புறம் ஓடைக்குப் போனேன். தண்ணீர் நுனியைக் கவ்விப் பிடித்த அந்த ஒரு நொடி கையில் தெரிந்தது, ராடு வளைந்தது, முதல் தடவையாக லைன் சத்தமே இல்லாமல் விரிந்து பாறையோரம் விழுந்தது. உடனே ஒரு ட்ரவுட் எழும்பிக் கவ்வியது. இழுத்தேன், ஒன்றுமில்லை. பார்த்தால், கொக்கியே இல்லை; பழகுவதற்காக ஃப்ளைக்குப் பதில் அம்மாவின் ஸ்வெட்டரில் பிய்த்துக் கட்டிய சிவப்பு நூலை மாற்றவே இல்லை.