2011 ஏப்ரல் 27: மழை விட்டு வெயில் அடிச்ச அந்த இடைவெளி (அனுபவப் பகிர்வு)

வடஅலபாமா_வாசி

அமெரிக்காவோட தென்பகுதியில நாலு இஎஃப்5 டொர்னாடோ (சுழல்காத்தைச் சேதத்தை வெச்சு 0-லிருந்து 5 வரை தரம் பிரிக்கிறதுல உச்சம்), ஒரே நாள்ல 300 பேருக்கு மேல சாவு, டஸ்கலூசா, ஹேக்கில்பர்க். இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், திரும்பச் சொல்லல. எல்லாரும் சாயங்காலத்தைப் பத்தியே பேசுறாங்க. இன்னைக்கும் உறுத்துறது அதுக்கு முன்னாடி வந்த வெயில்தான்.

விடிகாலையில ஒரு புயல் வரிசை மிசிசிப்பியிலிருந்து அலபாமாவைக் குறுக்கே கடந்து போச்சு. அதுலயே டொர்னாடோ இருந்துச்சு. ஆனா பெரிய சேதம் கரண்ட் கம்பிக்கு. வெதர் ரேடியோ (வானிலை எச்சரிக்கைக்குன்னே ஓடுற ரேடியோ) டவர்கள் சிலதும் ஊமையாயிடுச்சு. வடக்குப் பக்கம் நடுப்பகல்ல இன்னொரு வரிசை. அப்புறம் மேகம் விலகி பளீர்னு வெயில். ஜனங்க வெளியே வந்து செயின்-சா எடுத்து மரம் அறுக்க ஆரம்பிச்சாங்க. டிவி கிடையாது, இன்டர்நெட் கிடையாது, பேட்டரி இல்லாத சைரன் கத்தாது. இப்ப போன் தானா அலறுதே, அந்த ஏற்பாடு 2012-லதான் வந்துச்சு. அந்த நிலைமையில மூணு மணி சுமாருக்கு கல்மன் ஊர் நடுவுல டொர்னாடோ இறங்குது. டிவி கேமரா நேரலையில காட்டுது, அதைப் பார்க்க வேண்டியவங்க வீட்டுல கரண்ட் இல்ல.

வெயில் வந்தும் ஆபத்து ஏன் போகலைன்னா, கோல்ட் ஃப்ரண்ட் (பின்னால வர்ற குளிர்காத்தோட முன்விளிம்பு) அப்பவும் மேற்கேதான் நிக்குது. காலை மழை குளிர்விச்ச காத்தை வெயில் திரும்பச் சூடாக்கிடுச்சு, வளைகுடா ஈரம் மேல மேல ஏறிட்டே இருக்கு. மழை நின்னதை வெச்சு முடிவு பண்ணாதீங்க, காத்து திசையைப் பாருங்க. தெற்கு, தென்கிழக்குக் காத்து, உடம்பு பிசுபிசுன்னு ஒட்டுது, டியூ பாயிண்ட் (காத்துல ஈரம் எவ்வளவுன்னு காட்டுற அளவு) 65 ஃபாரன்ஹீட்டுக்கு மேல நிக்குதுன்னா ஃப்ரண்ட் வரவே இல்ல. மேற்கு, வடமேற்குக்குத் திரும்பி டியூ பாயிண்ட் மளமளன்னு 50-க்கு இறங்கினா அப்புறம் செயின்-சா எடுக்கலாம்.

ராடார்ப்பித்தன்

நல்ல பதிவு. ஒரு விட்டுப்போன விஷயம்: மதியம் ஏன் வரிசையா வராம தனித்தனி சூப்பர்செல்லா (சுழலுற பெரிய இடிமேகமா) வந்துச்சு? ஃப்ரண்ட் எந்தப் பக்கம் படுத்திருக்கு, மேல்காத்து எந்தப் பக்கம் இழுக்குது, இந்த ரெண்டுக்கும் நடுவுல உள்ள கோணம்தான் காரணம். ரெண்டும் இணையா இருந்தா செல் ஒண்ணோட ஒண்ணு மோதி ஒட்டி வரிசையாயிடும். குறுக்கே வெட்டினா செல் ஃப்ரண்டை விட்டு முன்னால ஓடிப் பிரிஞ்சு நிக்கும். பக்கத்துல யாரும் இல்லாததால ஈரத்தையும் சுழற்சியையும் அது ஒண்ணே உறிஞ்சும். அன்னைக்கு மிசிசிப்பியிலிருந்து டென்னசி வரைக்கும் அந்தத் தனி செல்கள்தான்.

எனக்கு மறக்காத ராடார் படம் டஸ்கலூசா ஹூக் (டொர்னாடோவைச் சுத்திக் கொக்கி மாதிரி வளையிற வடிவம்). அஞ்சு மணி பத்து நிமிஷத்தை ஒட்டி, ஹூக்கோட நுனியில ஊதாவா ஒரு உருண்டை. அது மழையும் இல்ல, ஆலங்கட்டியும் இல்ல. வீட்டுப் பலகை, இன்சுலேஷன், மரக்கிளை. கிட்டத்தட்ட 80 மைல் தரையில இருந்தே பர்மிங்ஹாம் வடக்குப் பக்கம் வரைக்கும் போச்சு.

அப்போ அந்தப் பக்கம் வானிலைத் துறை ராடார்கள்ல இரட்டைத் துருவ வசதி (மழையா வேற பொருளான்னு பிரிச்சுக் காட்டுறது) வரல, உருண்டையைக் கண்ணால பார்த்துதான் சொல்லணும். இப்ப சுலபம். வெலாசிட்டி (காத்து வேகம்) படத்துல சிவப்பும் பச்சையும், அதாவது ராடாரை விட்டுப் போற காத்தும் அதை நோக்கி வர்ற காத்தும், ஒட்டி நிக்கிற இடத்துல சிசி படத்தை (ராடார்ல படுறதெல்லாம் ஒரே மாதிரிப் பொருளான்னு காட்டுறது) திறந்து பாருங்க. அதே புள்ளியில 0.8-க்குக் கீழே நீலக் குழி விழுந்திருந்தா தரையிலிருந்து பொருள் மேல போயிடுச்சுன்னு அர்த்தம். ரெண்டும் ஒரே இடத்துல இருக்கணும். சிசி மட்டும் குறைஞ்சா அது பறவைக் கூட்டமாக்கூட இருக்கும்.

ரெண்டு எச்சரிக்கை. ராடாரிலிருந்து 60 மைல் தள்ளி இருந்தா மிகத் தாழ்வான கற்றையே தரைக்குக் கிட்டத்தட்ட ஒரு மைல் உயரத்துல ஓடுது, அடியில நடக்கிறது அதுக்குத் தெரியாது. இன்னொண்ணு, ஆப்புல வர்ற படம் பழசு. அஞ்சு நிமிஷம் பழசுன்னா, மணிக்கு 55 மைல்ல ஓடுற செல் அதுக்குள்ள நாலரை மைல் முன்னால வந்திருக்கும். படத்துல பக்கத்து ஊர்னா நிஜத்துல உங்க தெரு.

சில்பிளேட்

ராடார் பார்க்கிறவங்க மேல பார்க்கிறாங்க, சேத ஆய்வுல போறவங்க கீழ பார்க்கணும். வீடு முழுசா துடைச்சுப் போன ஒரு கான்கிரீட் தளம். ஓரத்துல வரிசையா ஆணித் துளை. ஆங்கர் போல்ட் (சுவரைப் பிடிக்க கான்கிரீட்ல பதிக்கிற போல்ட்) ஒண்ணுகூடக் கிடையாது. சுவரோட அடிப்பலகையை கான்கிரீட்ல ஆணியா அடிச்சு வெச்சிருந்தாங்க, அவ்வளவுதான். இன்னொரு தளத்துல போல்ட் நிக்குது, நட்டும் வாஷரும் போடவே இல்ல. பலகை போல்ட்டை விட்டு அப்படியே உருவிக்கிட்டுப் போயிருக்கு.

வீடு போகிற ஒழுங்கு பெரும்பாலும் இதுதான். முதல்ல கராஜ் கதவு உள்ளே மடங்கும். காத்து உள்ளே புகுந்து கூரையை அடியிலிருந்து தள்ளும், வெளியே மேலிருந்து உறிஞ்சும். கூரைச் சட்டம் சுவர்ல வெறும் சாய்வு ஆணியில நின்னா அங்கே பிய்யும். கூரை போனதும் வெளிச்சுவருக்குப் பிடி இல்ல, சாயும். இதுக்கு இஎஃப்5 தேவையே இல்ல, இஎஃப்2 போதும்.

சட்டத்துக்கு ஒரு ஹரிகேன் கிளிப் (கூரைச் சட்டத்தைச் சுவரோட பிணைக்கிற இரும்புப் பட்டை), காத்துக்குச் சோதிச்ச கராஜ் கதவு, நட்டு வாஷரோட போல்ட். புது வீட்டுல இதுக்கு ஆகிற செலவு கிரானைட் மேடைக்கு ஆகிறதை விடக் குறைவு. ஓக்லஹோமாவுல மூர் நகரம் 2014-ல 135 மைல் காத்துக்கு வீடு கட்டணும்னு சட்டமே போட்டுச்சு. வீடு வாங்கப் போறவங்க கிச்சனைப் பார்க்கிறதுக்கு முன்னாடி அட்டிக்ல ஏறி டார்ச் அடிச்சு அந்தக் கிளிப் இருக்கான்னு பாருங்க.

கன்சாஸ்_கணேசன்

எல்லாரும் ஓவரா பயமுறுத்துறீங்க. கோல்ட் ஃப்ரண்ட் வரிசையில வர்றது பாதி நேரம் சுழலாத வெறும் நேர்க்காத்து. வந்தாலும் இஎஃப்0, இஎஃப்1. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வெச்சா அழுத்தம் சமமாயிடும். ரோட்டுல மாட்டிக்கிட்டா ஓவர்பாஸ் (மேம்பாலம்) அடியில ஏறிக்கலாம்.

ராடார்ப்பித்தன்

அண்ணே, மூணு வரியில மூணு தப்பு. ஜன்னலைத் திறக்கிறது காத்துக்கு வழி விடுறது, சில்பிளேட் சொன்னதையே நீங்க கையால செய்றீங்க. திறக்கப் போன நேரத்துல கண்ணாடிக்கு எதிர்ல நிக்கிறீங்க, அது வேற.

ஓவர்பாஸ் கதை 1991-ல கன்சாஸ் டர்ன்பைக் நெடுஞ்சாலையில எடுத்த ஒரு வீடியோவால வந்தது. அவங்க பிழைச்சது அந்த டொர்னாடோவோட மையம் அவங்க மேல போகாததால. 1999 மே 3-ல ஓக்லஹோமாவுல அதையே நம்பி ஏறினவங்கள்ல மூணு பேர் மூணு வேற வேற பாலத்துக்கடியில செத்தாங்க. பாலத்துக்கடியில இடுக்குல காத்து வேகம் கூடும், மேல ஏற ஏறக் கூடும், பறந்து வர்ற பொருளும் அங்கேதான் வந்து சேரும். பத்தாததுக்கு வண்டியை ரோட்டுல நிறுத்தி மத்தவங்க தப்பிக்கிற வழியையும் அடைச்சிடுறாங்க.

இல்லினாய்_இளங்கோ

"இஎஃப்1 தானே"ங்கறவங்களுக்கு: 2023 மார்ச் 31, பெல்விடியர், இல்லினாய். அதே நாள் ஆர்கன்சால லிட்டில் ராக், வின் ரெண்டு ஊர்லயும் இஎஃப்3 அடிச்சதால இது பேச்சுல அடிபடல. ஃப்ரண்டுக்கு முன்னால வந்த வரிசையில இஎஃப்1 ஒண்ணு. அப்பல்லோ தியேட்டர்ல கச்சேரி நடக்குது, உள்ளே ஜனம். கூரை உள்ளே விழுந்துச்சு. ஒருத்தர் இறந்தார், பல பேருக்குக் காயம். தியேட்டர், ஜிம், பெரிய கடை, கோயில் ஹால், எல்லாத்துலயும் கூரை நடுவுல தாங்க எதுவும் இல்லாம நீளமா ஓடும். சுவரோட ஒரு பக்கம் பிடி விட்டா முழுசா வரும். அங்கே நடுவுல நிக்கவே கூடாது. ரெஸ்ட்ரூம், ஸ்டோர் ரூம், சின்ன அறை எங்கே இருக்குன்னு உள்ளே நுழையறப்பவே பார்த்து வைக்கணும்.

வரிசை டொர்னாடோவுல இன்னொரு தொல்லை, ஆயுசு அஞ்சு பத்து நிமிஷம்தான். ராடார் சில சுத்து சுத்தி வர்றதுக்குள்ள பிறந்து செத்துடும். எச்சரிக்கை வர்றப்ப பாதி வேலை முடிஞ்சிருக்கும். வரிசை நேரா வர்ற இடத்தை விட, வில் மாதிரி வெளியே வளைஞ்சு தள்ளுற இடத்தையும், அந்த வளைவுக்கு வடக்கே உடைஞ்ச மாதிரி தெரியிற இடத்தையும் பாருங்க. கீழ மூணு கிலோமீட்டருக்குள்ள காத்து வித்தியாசம் வரிசைக்குக் குறுக்கே 30 நாட் (knots, மணிக்குச் சுமார் 35 மைல்) வேகத்துக்கு மேல இருந்தா அந்த வளைவு சும்மா போகாது. "தண்டர்ஸ்டாம் வார்னிங் தானே, டொர்னாடோ வார்னிங் இல்லையே"ன்னு படுத்திருக்கிற ஆள் மாட்டுறது இங்கேதான்.

நாஷ்வில்_நந்தினி

இதோட ராத்திரியையும் சேர்த்துக்கோங்க. 2020 மார்ச் 3, நாஷ்வில்ல நள்ளிரவு தாண்டி அரை மணிக்கு மேல. அடுத்து ரெண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி குக்வில் பக்கம் இஎஃப்4, பட்னம் கவுண்டியில (நம்ம மாவட்டம் மாதிரி) மட்டும் 19 பேர் சாவு. ஜனம் தூக்கத்துல. சைரன் வெளியில நிக்கிறவங்களுக்குக் கேட்கத்தான் வெச்சது, ஏசி ஓடுற படுக்கையறைக்குள்ள கேட்காது. போனை சைலண்ட்ல போட்டு ஹால்ல சார்ஜ் போடுற வீடுகளுக்குக் கடவுள்தான் துணை.

பிளேனோ_மாமி

நான் டல்லாஸ் பக்கம். இங்கே பேஸ்மென்ட் கிடையாது, அதனால ஷெல்டர் பத்திக் கொஞ்சம் விவரமா சொல்லிடறேன். யாரும் கேட்கலைன்னாலும் பரவாயில்லை.

முதல்ல இருக்கிற வீட்டுல இடம். கீழ்த்தளம், வெளிச்சுவர் இல்லாத சின்ன அறை, ஜன்னல் கூடாது. நம்ம வீடுகள்ல அது பெரும்பாலும் மாடிப்படி அடியில இருக்கிற க்ளோசெட். அதுல என்ன இருக்கும்? கொலுப் படி, பொம்மைப் பெட்டி, இருபது பவுண்ட் அரிசி மூட்டை ரெண்டு, சூட்கேஸ். மார்ச் மாசம் பிறக்கும்போதே அதைக் காலி பண்ணுங்கோ. சைரன் கத்தறச்சே மரப்பாச்சியைப் பத்திரப்படுத்திண்டு நிக்க முடியாது. உள்ளே வைக்க வேண்டியது: எல்லாருக்கும் ஷூ, டார்ச், விசில், ஹெல்மெட். சைக்கிள் ஹெல்மெட்டே போதும். 2011-க்கு அப்புறம் பர்மிங்ஹாம்ல இருக்கிற அலபாமா யூனிவர்சிட்டிக்காராளே ஹெல்மெட் போடச் சொல்லி எழுதியிருக்கா, சாவுக்கும் பெரிய காயத்துக்கும் நிறைய தடவை காரணம் தலையடிதான். ஷூ ஏன்னா, வெளியே வரச்சே தரை முழுக்க ஆணியும் கண்ணாடியும்.

ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்திருந்தா அவாளுக்கு முன்கூட்டியே சொல்லி வைங்கோ. அவா பழக்கம் ரெண்டு நாள் முன்னாடியே நியூஸ்ல சொல்லி வர்ற புயல். இது பத்து நிமிஷம். மழை பார்க்க பால்கனிக்குப் போயிடுவா.

இப்ப ஷெல்டர். கராஜ் தரையை வெட்டிக் கீழே இறக்கறது ஒண்ணு, தரைமேல போல்ட் போடற இரும்புப் பெட்டி ஒண்ணு. டெக்சாஸ்ல நிறைய வீட்டுத் தளம் போஸ்ட்-டென்ஷன், உள்ளே இழுத்துக் கட்டின கேபிள் ஓடும். கராஜ் தரையில முத்திரை குத்தியிருக்கும், தேடிப் பாருங்கோ. அந்தக் கேபிளை வெட்டினா தெறிக்கும், ஆளையே அடிக்கும், தளமும் பாழ். அதனால வெட்டறதோ துளை போடறதோ, முதல்ல ஸ்கேன் பண்ணிக் கேபிள் எங்கேன்னு கோடு போடச் சொல்லுங்கோ. ஸ்கேன் வேண்டாம்னு சொல்ற ஆளை வாசலோட அனுப்பிடுங்கோ.

கதவு தனியா வாங்காதீங்கோ. கதவு, சட்டம், கீல், பூட்டு நாலையும் சேர்த்து ஒரே தொகுப்பா சோதிச்சிருக்கணும். சோதனை என்னன்னா, 15 பவுண்ட் மரச்சட்டத்தை மணிக்கு 100 மைல் வேகத்துல கதவுமேல சுடுவா. 250 மைல் காத்துக்கான ஐசிசி 500ங்கற ஷெல்டர் தரம் அதுதான். "ஸ்டீல் கதவு"ன்னு மட்டும் பில்லுல எழுதினா அது ஷெல்டர் கதவு இல்லை.

தரைக்கடியில வைக்கறவா மழைத் தண்ணி உள்ளே வருமான்னு கேளுங்கோ. கதவுமேல இடிபாடு விழுந்தா உள்ளேயிருந்து நெம்ப ஒரு பாட்டில் ஜாக் (கார் தூக்கற மாதிரி ஜாக்) உள்ளேயே இருக்கட்டும். ஃபயர் டிபார்ட்மென்ட்ல ஷெல்டர் இருக்கிற இடத்தைப் பதியுங்கோ, இடிபாட்டுக்குள்ள எங்கே தேடணும்னு அவாளுக்குத் தெரியணும்.

கன்சாஸ்_கணேசன்

ஓவர்பாஸ் விஷயம் சரி, ஒத்துக்கறேன். ஆனா பேஸ்மென்ட்ல தென்மேற்கு மூலையில நிக்கணும்னு சொல்வாங்களே?

சில்பிளேட்

அதுவும் பழைய கதை. வீடு அஸ்திவாரத்தை விட்டு நகர்ந்தா தென்மேற்குச் சுவர்தான் உள்ளே விழ வாய்ப்பு. கனமான மேஜைக்கடியிலயோ படிக்கட்டு அடியிலயோ போங்க. மேல்மாடியில ஃப்ரிட்ஜ், பியானோ எங்கே இருக்குன்னு பார்த்து, அதுக்கு நேர் கீழ மட்டும் உட்காராதீங்க.

வடஅலபாமா_வாசி

கரண்ட் பத்தி மறந்துட்டேன். அன்னைக்கு உயரழுத்தக் கம்பிகள் போனதுல பிரவுன்ஸ் ஃபெர்ரி அணு உலை மூணும் நின்னுச்சு. ஹண்ட்ஸ்வில் பக்கம் நாள் கணக்கா இருட்டு. பங்க்ல பெட்ரோல் இருக்கும், பம்ப் ஓடாது. கார்ட் மெஷின் ஓடாது. அதனால புயல் ரிஸ்க் அறிவிப்பு வந்த அன்னைக்கே டேங்க் நிரப்பணும், சில்லறை நோட்டா பணம் எடுத்து வைக்கணும். ஜெனரேட்டரை கராஜ்ல ஓட்டக் கூடாது, கதவு திறந்திருந்தாலும் கூடாது. வெளியே, ஜன்னலிலிருந்து 20 அடி தள்ளி.

நாஷ்வில்_நந்தினி

வெதர் ரேடியோ வாங்கினவங்கள்ல பாதிப் பேர் தங்க கவுண்டிக்கான கோடை (code, இட எண்) போடாம வெச்சிருக்காங்க. ஆறு இலக்கம்: முதல்ல 0, அடுத்த ரெண்டு மாநிலம், கடைசி மூணு கவுண்டி. மேடிசன் அலபாமா 001089, லைம்ஸ்டோன் 001083, டஸ்கலூசா 001125, டேவிட்சன் டென்னசி 047037, காலின் டெக்சாஸ் 048085. உங்க கவுண்டியோட மேற்கிலும் தென்மேற்கிலும் இருக்கிற கவுண்டி கோடையும் சேர்த்துப் போடுங்க, புயல் அங்கேயிருந்துதான் வருது. ஏழு அலைவரிசை, 162.400-லிருந்து 162.550 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும். சத்தமா தெளிவா கேட்கிறதை எடுத்துக்கோங்க.

ராடார்ப்பித்தன்

பேட்டரியும் போடுங்க. சுவத்துல செருகினது மட்டும்னா காலை வரிசை போன உடனே அதுவும் அவுட்.

பிளேனோ_மாமி

அல்கலைன் போடுங்கோ. ரீசார்ஜ் பேட்டரி போட்டு வெச்சா சும்மா இருந்தே இறங்கிடும். வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும், இல்லேன்னா கசிஞ்சு ஸ்பிரிங்கைத் தின்னுடும்.