மூளை எம்.ஆர்.ஐ. பொருத்தம்: படம் சரி, ஹிப்போகேம்பஸ் மட்டும் கிழிகிறது

கேள்வி:
வணக்கம். படங்களைப் பொருத்தும் ஆழ்கற்றல் நிரலான வாக்ஸல்மார்ப் கொண்டு டி1 (எம்.ஆர்.ஐ.யின் ஒரு வகை) மூளைப் படங்களை ஒன்றோடொன்று பொருத்துகிறேன். மண்டையோட்டை நீக்கி, அஃபைன் பொருத்தமும் (முழுப் படத்தையும் நகர்த்தி, சுழற்றி, அளவு மாற்றி ஒழுங்கு செய்வது) செய்துவிட்டேன். ஸ்கேனருக்கு ஸ்கேனர் வெளிச்சம் மாறியதால், இழப்புச் சார்பை (பொருத்தம் எவ்வளவு தவறு என அளப்பதை) எம்.எஸ்.இ.யிலிருந்து (வெளிச்ச வேறுபாட்டு வர்க்கங்களின் சராசரி) என்.சி.சி.க்கு (வெளிச்சம் மாறினாலும் ஒற்றுமையை அளக்கும் முறை) மாற்றினேன். அதன்பின் படங்கள் அழகாகப் பொருந்துகின்றன. ஆனால் அதே உருமாற்றப் புலத்தால் (ஒவ்வொரு புள்ளியும் எங்கே நகர வேண்டும் என்ற வரைபடம்), ஃப்ரீசர்ஃபர் நிரல் ஒவ்வொரு மூளைப் பகுதிக்கும் தரும் எண்களை நகர்த்தினால், ஹிப்போகேம்பஸ் (நினைவாற்றலுக்கான மூளைப் பகுதி) துண்டு துண்டாக வருகிறது. அதன் ஓரத்தில் வேறொரு மூளைப் பகுதியான தலாமஸின் எண் முளைக்கிறது! ஜேக்கோபியன் மதிப்பு (இடம் எவ்வளவு விரிந்தது, சுருங்கியது என்ற அளவு; எதிர்மறை என்றால் மடிப்பு) பல இடங்களில் பூஜ்ஜியத்துக்குக் கீழே. இரண்டு வாரமாகத் தூக்கமில்லை.

பதில் 1:
சார்பை மாற்றியபோது லாம்டாவை (புலத்தை மென்மையாக வைத்திருக்கும் கட்டுப்பாட்டின் எடையை) மாற்றினீர்களா? வெளிச்சத்தை 0 முதல் 1 வரை சுருக்கியிருந்தால் எம்.எஸ்.இ. மிகச் சிறிய எண், அதற்கு 0.01 போதும். என்.சி.சி.யின் மதிப்பு அதைவிடப் பல மடங்கு பெரியது. அதன் முன் 0.01 இருந்தும் இல்லாததுதான். கடிவாளம் அவிழ்ந்த வலைப்பின்னல் வெளிச்சத்தை ஒப்பேற்ற இடத்தையே மடித்துவிடுகிறது. ஜேக்கோபியன் எதிர்மறையாவது அதனால்தான். லாம்டாவை 1-இல் தொடங்குங்கள்.

பதில் 2:
தலாமஸ் வருவதற்குக் காரணம் வேறு. பகுதி எண்களை நேரியல் இடைக்கணிப்பில் (பக்கத்து மதிப்புகளைக் கலந்து இடைப்பட்ட மதிப்பு காண்பது) நகர்த்தியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இடது ஹிப்போகேம்பஸ் 17, பக்கத்திலுள்ள வெள்ளைப் பொருள் 2. இரண்டின் நடுவே 9.5; முழு எண்ணாக்கினால் 10, அதாவது இடது தலாமஸ். எண்களுக்கு எப்போதும் அருகமை வாக்ஸல் முறைதான் (மிக அருகிலுள்ள முப்பரிமாணப் படப்புள்ளியின் எண்ணை அப்படியே எடுப்பது). படத்துக்கு மட்டும் நேரியல்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. தலாமஸ் அடியோடு மறைந்துவிட்டது, நேரியல்தான் காரணம். லாம்டா 1-இல் மடிப்புகளும் பெரும்பாலும் போய்விட்டன. டைஸ் மதிப்பு (பகுதிகள் ஒன்றின்மேல் ஒன்று எவ்வளவு பொருந்துகின்றன என்ற அளவு) சற்றே இறங்கியிருக்கிறது, அதுதான் மனதை உறுத்துகிறது. வென்ட்ரிக்கிள் (மூளைக்குள் திரவம் நிறைந்த அறை) மிகவும் விரிந்த முதியவர்களின் படங்களில் மட்டும் மடிப்பு இன்னும் மிச்சம்.

பதில் 1:
இடத்தை மடித்துப் பெற்ற டைஸை நான் ஏற்பதில்லை, இறங்கட்டும். மருத்துவர் பார்க்கப்போவது ஹிப்போகேம்பஸின் கன அளவை. மடிந்த புலத்தில் அளந்தால் அது பொய். விரிந்த வென்ட்ரிக்கிளுக்கு வாக்ஸல்மார்ப்பின் டிஃபியோமார்ஃபிக் (மடிப்பில்லாத, திருப்பிப் போடக்கூடிய உருமாற்றத்தை நாடும்) வடிவத்தை எடுங்கள். அதில் வலைப்பின்னல் திசைவேகப் புலத்தைத் தரும்; அதைப் பாதி பாதியாகச் சுருக்கி, தன்னோடு தானே 7 முறை இணைத்து இடப்பெயர்ச்சியாக்குவார்கள். எண்முறைப் பிழையால் ஓரிரு வாக்ஸல் மிஞ்சலாம், ஆகவே ஜேக்கோபியனைச் சோதிப்பதை விட்டுவிடாதீர்கள். பயிற்சித் தரவில் அத்தகைய முதியவர்களின் படங்கள் எத்தனை இருக்கின்றன என்றும் பாருங்கள்.

கேட்டவர்:
மிகக் குறைவு. அவற்றைச் சேர்த்து இன்றிரவே மீண்டும் பயிற்சியைத் தொடங்குகிறேன்.