நேரலை எபிசோடில் உதட்டசைவும் குரலும் ஒட்டவில்லை, யோசனை தேவை

நண்பர்களே, நெடுந்தொடர் ஒன்றின் ஆண்டு நிறைவுக்கு முழு எபிசோடும் நேரலை. 2010 டிசம்பர் 9 அன்று பிரிட்டிஷ் நெடுந்தொடர் 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' தன் 50ஆம் ஆண்டுக்குச் செய்ததைப் போல, ஒரு மணி நேரம். வெட்டி ஒட்ட வழியே இல்லை.

நான்கு கேமரா கேபிளில், இரண்டு வயர்லெஸில். வயர்லெஸ் படம் 2 பிரேம் தாமதம். நொடிக்கு 25 பிரேம் என்பதால் 80 மில்லி நொடி. காலர் மைக்கின் குரலோ உடனே வந்துவிடுகிறது. வயர்லெஸ் கேமராவுக்கு மாறியதும், அதுவும் குளோசப்பில், வசனம் முந்துகிறது, உதடு பிந்துகிறது. மொத்த ஒலியையும் 80 தள்ளினால் கேபிள் கேமராக்களில் கோளாறு தலைகீழாகிறது. ஜென்லாக் (கேமராக்களை ஒத்திசைக்கும் சிக்னல்) பிரேம்களை ஒரே தாளத்தில் நிறுத்துமே தவிர இந்தத் தாமதத்தைக் குறைக்காது.

கேபிள் கேமராக்களையும் 2 பிரேம் தாமதித்து, ஒலியை ஆடியோ மிக்சரின் கடைசி அவுட்புட்டில் மட்டும் 80 தள்ளுவதே சரி என்று தோன்றுகிறது. நடிகர்களுக்குத் தளத்தில் கேட்கும் போல்ட்பேக் ஒலியும், குழுவினர் பேசிக்கொள்ளும் டாக்பேக்கும் தாமதமில்லாமல் போக வேண்டும், இல்லாவிட்டால் வசனம் தடுமாறும்.

இப்படிச் செய்தவர்கள் சொல்லுங்கள்: வசனத்தைக் கேட்டு ஷாட் மாற்றும் விஷன் மிக்சருக்குத் தாமதித்த ஒலியைக் கொடுப்பதா, நேரடி ஒலியையா? வயர்லெஸ் சிக்னல் அறுந்தால் எந்தக் கேமராவை வைட் ஷாட்டில் தயாராக நிறுத்துவீர்கள்? ஒத்திகை தொடங்குமுன் முடிவு செய்தாக வேண்டும்.